விசிலுக்குப் பிறகு பேசாதவர்

தொலைக்காட்சியில் றக்பி ஆட்டம் பார்க்கும்போது அவர் பந்தைப் பார்ப்பதில்லை. முப்பது பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சேற்றில் புரள்வார்கள். மதுச்சாலையில் இருக்கும் அத்தனை கண்களும் அந்தக் குவியலுக்குள் பந்து எங்கே என்று தேடும். அவர் மட்டும் குவியலுக்கு நான்கடி தள்ளி, விசிலை வாயருகே வைத்தபடி குனிந்து நிற்கும் நடுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவர் ஊதுவதற்கு ஒரு கணம் முன்னால் அவருடைய வலது கை மேசையைவிட்டு எழும்பி, எந்த அணிக்குச் சாதகமாக ஊதப்படப்போகிறதோ அந்தப் பக்கம் நீளும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறினால் கையை மடக்கிக்கொள்வார்.

"அவர் கிட்ட நிக்கிறார் ஐசே. நான் மூவாயிரம் மைலுக்கு இங்காலை இருக்கிறன்" என்பார்.

கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் நாங்கள் இருந்த பதினான்கு மாடிக் கட்டடத்தில் எல்லோரும் அவரை றெஃபரி அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இன்ன ஊர், இன்னாருடைய மகன் என்று விசாரிக்க எங்களுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லவேண்டியது அவருடைய ஒரு குணத்தைப் பற்றி மட்டுந்தான். விசில் ஊதப்பட்டபின் அவர் பேசமாட்டார். மற்றவர்களையும் பேசவிடமாட்டார்.

1996 கோடையில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல் ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் நடந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் உதைபந்தாட்டத்துக்கு நடுவர் கிடைக்கவில்லை. நான்தான் அவரை அழைத்துப்போனேன். வெள்ளை அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட கறுப்புக் காலுறையுமாக வந்தார். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, பந்து கையில் பட்டதென்று ஊதினார். எங்கள் ஊரில் நடுவர் ஊதினால் வாய்த்தர்க்கம் தொடங்கும். அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி. பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், வயிறு முன்னே வர, ஓடிவந்தார்.

"எங்கை காணும் பட்டது? உமக்குக் கண் தெரியேல்லையே?"

அவர் பந்தைத் தூக்கிக்கொண்டு பத்துக் காலடி நடந்து, கடைக்காரருடைய அணியின் கோலுக்குப் பத்து மீற்றர் கிட்டவாக வைத்தார்.

"உதென்ன புதுச் சட்டம்?"

மறுபடியும் தூக்கினார். மறுபடியும் பத்துக் காலடி.

"றெஃபரியை எதிர்த்துக் கதைச்சா பத்து மீற்றர் பின்னாலை. றக்பியிலை அப்பிடித்தான்."

"இது ஃபுட்போல் காணும்!"

இன்னொரு பத்து. இப்படியே நடந்து ஐந்தாம் தடவை பந்து கோல் கம்பத்துக்கு முன்னால் வந்துவிட்டது. கோல் காத்துக்கொண்டிருந்தவர் இரண்டு கையையும் கூப்பி, "அண்ணை, நான் வாயே திறக்கேல்லை" என்றார். கரையில் இருந்து ஒரு வத்தகப்பழத் தோல் பறந்து வந்தது. அடுத்த வருடம் சங்கம் அவரைக் கூப்பிடவில்லை. திரும்பும் வழியில் காருக்குள், "உங்கட ஊர் ஆக்களுக்குப் பந்தடிக்கத் தெரியும் ஐசே, தோற்கத் தெரியாது" என்றார். நான் அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு றக்பி தெரியாது. எங்களுக்கு கிரிக்கெட்டும் உதைபந்தும்தான். அவர் கண்டியில் வளர்ந்தவர். தகப்பன் அங்கே அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். பள்ளிக்கூட அணியில் விளையாடி, பிறகு கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே பாடசாலை ஆட்டங்களுக்கு நடுவராக நின்றிருக்கிறார். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்ததோடு அது முடிந்தது. எரிந்த வீட்டைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

என்னை அவர் முதன்முதலில் மார்க்கம் வீதியில் இருந்த அந்த மதுச்சாலைக்கு அழைத்துப்போனது 1994 பெப்ரவரியில். அதன் சொந்தக்காரர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளும் குளிர்காலம் முடியும் மாதங்களில் ஒன்றோடொன்று மோதும். அங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் எங்களுக்குக் காலை பத்து. சனிக்கிழமை காலையில், வெளியே பனி அள்ளும் வண்டி ஓடிக்கொண்டிருக்க, உள்ளே வெள்ளைக்காரர்கள் முட்டைப் பொரியலோடு பியர் குடித்துக்கொண்டு செய்மதித் தொலைக்காட்சி பார்ப்பார்கள். அவருக்குப் பியர் இல்லை. சொந்தக்காரர் கேட்காமலே ஒரு தேநீர்க் குவளையைக் கொண்டுவந்து வைத்து, "நடுவர் வந்துவிட்டார், இனித் தொடங்கலாம்" என்று சத்தமாகச் சொல்வார். ஐந்து நாடுகளில் எது உங்கள் நாடு என்று கேட்பவர்களுக்கு, "நடுவிலே நிற்கிற அந்த மனிதன்" என்று றெஃபரி அண்ணை ஆங்கிலத்தில் பதில் சொல்வார்.

விசிலுக்குப் பிறகு பேசாத அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை அவரே சொன்னார். கொழும்பில் இரண்டு பெரிய பள்ளிக்கூடங்களின் ஆட்டம். கடைசி நிமிடத்தில் இவர் ஒரு 'ட்ரை' கொடுத்துவிட்டார். எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால்தான் 'ட்ரை'. அந்தப் பையன் வைக்கவில்லை, கை தவறவிட்டிருந்தான். ஊதி முடித்த பிறகுதான் அது இவருக்கு உறைத்தது.

"தோத்த பக்கத்துக் கப்டன் என்னட்டை வந்தான். பதினெட்டு வயசு. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. அடிக்கப்போறான் எண்டு நினைச்சன். கையை நீட்டி, 'தாங்க் யூ சேர்' எண்டிட்டுப் போனான். ஒரு சொல் கூடுதலாச் சொல்லேல்லை. நான் அண்டைக்குத்தான் ஐசே மனுசனைப் பாத்தன்."

"நீங்கள் பிழை எண்டு பிறகு எழுதிக் கொடுக்கேல்லையே?"

"எழுதினா அவன் செய்தது வீணாப் போயிடும்."

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். நானும் அப்போது அப்படித்தான் கேட்டேன்.

அவருடைய மனைவி அப்படிக் கேட்பவர் அல்ல. எனக்கு அவர் அக்கா முறை. அவர் சொல்லித்தான் அந்தத் தொழிற்சாலைக் கதை எனக்குத் தெரியும். ஒஷாவாப் பக்கம் கார் உதிரிப்பாகம் செய்யும் ஓரிடத்தில் றெஃபரி அண்ணை வேலை செய்திருக்கிறார். வெடிப்பு விழுந்த பாகங்கள் ஒரு பெட்டி நிறைய வெளியே போய்விட்டன. அது முந்தைய நேர முறையில் நின்றவருடைய பிழை. ஃபோர்மன் இவரைக் கூப்பிட்டு, உன் கவனக்குறைவு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றிருக்கிறான். முறை எழுதும் தாளைக் காட்டினாலே போதும், பெயர் அதில் இருந்தது.

"தாளைக் காட்டினாரோ எண்டு கேளும் தம்பி" என்றார் அக்கா, மரக்கறி வெட்டிக்கொண்டே. "கை குடுத்திட்டு வந்தவராம். வீட்டிலை இரண்டு பெட்டைப் பிள்ளையள், ஜனவரி மாசம், இவர் அங்கை ஃபோர்மனுக்குக் கை குடுத்திட்டு வாறார். எனக்கு விசர் வந்திட்டுது. ஏன் மனுசா வாயைத் திறக்கேல்லை எண்டு கேட்டன். 'அவர் ஃபோர்மன்' எண்டார். பிறகு நான் ஐஞ்சு மாசம் மற்றவையின்ரை வீடு துடைச்சனான்."

அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். வரவில்லை.

அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் ஆங்கிலக் கடிதங்களைக் கொண்டுபோனார்கள். அவருடைய ஆங்கிலம் கண்டிப் பள்ளிக்கூட ஆங்கிலம். கமா, முற்றுப்புள்ளி இடம் மாறாது. குடிவரவு, வரி, வாடகை, பள்ளிக்கூடம் எல்லாக் கடிதமும் ஒன்பதாம் மாடியில் அவருடைய சாப்பாட்டு மேசைக்கு வரும். கடிதத்தை இரண்டு முறை வாசிப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவை சொல்லுறது என்னெண்டால்" என்று தொடங்குவார். அவர் சொன்னால் அது அந்தக் கடிதத்தை எழுதிய அலுவலகமே வந்து சொன்ன மாதிரி இருக்கும்.

யோகனும் அப்படித்தான் வந்தான். பதினோராம் மாடியில் நான்கு பேரோடு இருந்தவன். இருபத்தேழு வயது. ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். கொழும்பில் 1996இல் அவனைப் பிடித்து ஏழு வாரம் வைத்திருந்து, இடது காதில் கேட்காமல் ஆக்கி அனுப்பியிருந்தார்கள். கனடாவுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்து, விசாரணை முடிந்து, முடிவுக்காகக் காத்திருந்தான். 1999 பருவத்துக்கு அவனும் எங்களோடு மதுச்சாலைக்கு வரத் தொடங்கினான். அவனுக்கு ஏதாவது சத்தமான இடம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். பெப்ரவரி 6ஆம் திகதி முதல் ஆட்டத்தன்றே கட்சி சேர்ந்துவிட்டான்.

"சிவப்புச் சட்டை ஆர் அண்ணை?"

"வேல்ஸ்" என்றேன். "அவையின்ரை மைதானத்தை இடிச்சுப் புதுசாக் கட்டுகினம். அதாலை இந்த வருசம் அவை சொந்த ஊர் மட்சையும் லண்டனிலைதான் விளையாடுகினம்."

"சொந்த வீடில்லாமல் மற்றவன்ரை ஊரிலையோ? அப்ப அவங்கள் எங்கடை ஆக்கள்."

எங்கடை ஆக்கள் அன்று ஸ்கொட்லாந்திடம் 33–20 என்று தோற்றார்கள். பெப்ரவரி 20இல் அயர்லாந்திடமும் தோற்றார்கள். மார்ச் 6இல் பாரிஸில் பிரான்ஸை 34–33 என்று ஒரு புள்ளியால் வென்றபோது யோகன் கதிரைமேல் ஏறிவிட்டான். "இறங்கும் தம்பி. வெண்டாலும் இருந்துதான் வெல்லவேணும்" என்றார் றெஃபரி அண்ணை. மார்ச் 20இல் இங்கிலாந்து பிரான்ஸை வென்றது. அதோடு இங்கிலாந்துக்கு மூன்று ஆட்டம், மூன்று வெற்றி. கடைசி ஆட்டம் வேல்ஸோடு, ஏப்ரல் 11 ஞாயிற்றுக்கிழமை. வென்றால் கிண்ணம். இடையில் மூன்று வாரம்.

மார்ச் 20க்கு அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் யோகன் கடிதத்தோடு வந்தான். நானும் அங்கே இருந்தேன். றெஃபரி அண்ணை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இவை சொல்லுறது என்னெண்டால், உம்மை நம்பேல்லை. பிடிச்ச திகதியை நீர் ஃபோர்மிலை ஓகஸ்ட் பதினைஞ்சு எண்டு எழுதியிருக்கிறீர். விசாரணையிலை ஜூலை எண்டு சொல்லியிருக்கிறீர்."

"நான் ஜூலை எண்டு சொல்லேல்லை அண்ணை. ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள் எண்டுதான் சொன்னனான். அம்மா விரதம் பிடிச்சு முடிஞ்ச அடுத்த நாள். மொழிபெயர்த்தவர்தான் அப்பிடிச் சொல்லியிருப்பார்."

"அதை அங்கை சொல்லியிருக்கவேணும்."

"இனிச் சொல்லேலாதோ?"

கடிதத்தை அவர் என் பக்கம் தள்ளிவைத்தார். நான் எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளுக்குள் நீதிமன்றத்தில் மனுப்போட்டு அனுமதி கேட்கலாம் என்று இருந்தது. எனக்குத் திகதியைக் கண்டால் எண்ணாமல் இருக்க முடியாது. ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. இடையில் பெரிய வெள்ளியும் உயிர்த்த ஞாயிறும் வேறு.

"கோட்டுக்குப் போகலாம் எண்டு ஒரு வழி இருக்கு" என்றார் அவர் யோகனிடம். "போறது எண்டால், உங்கடை ஆள் பிழை விட்டிட்டார் எண்டு அவையின்ரை முகத்துக்கு நேரை சொல்லுறது. என்னைக் கேட்டால் போகாதையும். கருணை அடிப்படையிலை கேக்கிறது எண்டு வேறை ஒரு விண்ணப்பம் இருக்கு. நான் எழுதித் தாறன். அதைப் பாக்கிறவன் உம்மடை ஃபைலை எடுத்துப் பாப்பான். இவன் எதிர்த்துக் கதைக்காமல் அடக்கமா இருந்தவன் எண்டு தெரியும். கத்தினா பத்து மீற்றர் பின்னாலைதான் போவீர்."

யோகன் என்னைப் பார்த்தான். நான் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் சொன்னாச் சரி அண்ணை" என்றான்.

என்னிடம் பழைய பஞ்சாங்கங்கள் இருந்தன. ஊரில் இருந்து வருடாவருடம் வரவழைத்து, அடுக்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் 1996க்குரியதை எடுத்தேன். அந்த வருடம் ஜூலை 15ஆம் திகதி ஓர் அமாவாசை, ஆனால் ஆடி பிறந்ததே அதற்கு அடுத்த நாள்தான். ஆகவே ஆடி அமாவாசை ஓகஸ்ட் 14. அதற்கு அடுத்த நாள் ஓகஸ்ட் 15. யோகன் ஃபோர்மில் எழுதியதும் வாயால் சொன்னதும் ஒரே நாள். ஆடி என்றால் ஜூலை என்று யாரோ அவசரத்தில் ஆங்கிலமாக்கியதுதான் பிழை.

உடனே றெஃபரி அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். முழுக்கக் கேட்டார்.

"சரியாத்தான் இருக்கும்" என்றார். "நீர் சொன்னாத் திகதி பிழைக்காது. ஆனால் ஐசே, மைதானத்திலை ஊதினதை வீட்டிலை வீடியோ போட்டுப் பாத்து மாத்தேலாது."

"இது விளையாட்டில்லையே அண்ணை."

"விளையாட்டுக்கே அவ்வளவு மரியாதை எண்டால் இதுக்கு எவ்வளவு இருக்கவேணும்?"

நான் மேலே பேசவில்லை. அவரோடு யாரும் மேலே பேசுவதில்லை, அது ஒரு பழக்கம். பதினோராம் மாடிக்கு ஏறிப்போய் யோகனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கலாம். றெஃபரி அண்ணையைத் தாண்டிப் போனதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று நினைத்தேன். ஏப்ரல் 6 செவ்வாய்க்கிழமை காலையில் எழும்பும்போது அன்று என்ன நாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஏப்ரல் 10 சனிக்கிழமை ஸ்கொட்லாந்து பாரிஸுக்குப் போய் முதல் அரைமணிக்குள் ஐந்து 'ட்ரை' போட்டு, 36–22 என்று வென்றது. அவர்களுக்கு இனி ஆட்டம் இல்லை. மறுநாள் இங்கிலாந்து தோற்றால்தான் கிண்ணம் அவர்களுக்கு. இங்கிலாந்து தோற்கும் என்று யாரும் நம்பவில்லை. ஆனாலும் ஞாயிறு முற்பகல் மதுச்சாலை ஸ்கொட்லாந்துக்காரர்களால் நிரம்பியிருந்தது. ஜன்னலோரம் ஆறேழு ஆங்கிலேயர்கள். யோகன் எங்கேயோ ஒரு சிவப்பு ரீசேர்ட் தேடிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முடிய இன்னும் சில நிமிடம். இங்கிலாந்து 31, வேல்ஸ் 25. நடுமைதானத்தில் ஓர் ஆங்கில வீரன் ஓடிவந்த வேல்ஸ்காரனை மோதி விழுத்தினான். நடுவர் ஊதினார். கையால் அணைத்துப் பிடிக்காமல் தோளால் இடித்தது குற்றம் என்றார். நான் றெஃபரி அண்ணையின் கையைப் பார்த்தேன். அது மேசையைவிட்டு எழும்பவில்லை. ஊதிய பிறகுதான் மெல்ல எழுந்து, வேல்ஸ் பக்கம் நீண்டது.

அந்தக் குற்ற உதையால் வேல்ஸ் இங்கிலாந்தின் எல்லைக்குக் கிட்டப் போனது. அங்கிருந்து பந்து வந்து, ஒருவன் நான்கைந்து ஆங்கிலேயரைத் தாண்டி ஓடி 'ட்ரை' போட்டான். 'ட்ரை'க்கு ஐந்து புள்ளி; அதற்கு மேல் உதைத்த பந்தும் கம்பங்களுக்கிடையே போக, இன்னும் இரண்டு. 32–31. வேல்ஸ் வென்றது, இங்கிலாந்து தோற்றது, கிண்ணம் வீட்டில் இருந்த ஸ்கொட்லாந்துக்குப் போனது. சொந்தக்காரர் அழுதுகொண்டே எல்லோருக்கும் ஊற்றினார். யோகன் முன்பின் தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜன்னலோரத்தில் ஆங்கிலேயர்கள் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேசையில் குத்தினார். அது குற்றமே அல்ல, கண் தெரியாதவன், விசில் பிடிக்கத் தகுதியில்லாதவன் என்றார்கள். யோகன் திரும்பி வந்து எங்கள் மேசையில் இருந்தான். மூச்சு வாங்கியது.

"உவங்கள் என்ன அண்ணை சொல்லுறாங்கள்?"

"ஊதினது பிழையாம்" என்றேன்.

அவன் கொஞ்சநேரம் அவர்களையே பார்த்தான்.

"உவங்கடை விளையாட்டு. உவங்கள் எழுதின சட்டம். உவங்களே கத்துறாங்கள்." றெஃபரி அண்ணையிடம் திரும்பினான். "நாங்கள் மட்டும் என்னத்துக்கு அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறம்? அந்தக் கோட்டு விசயம் சொன்னியள். எழுதுவம் அண்ணை. நாளைக்கே எழுதுவம்."

அவர் தேநீர்க் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"அது முடிஞ்சுது தம்பி."

"என்ன முடிஞ்சுது?"

"பதினைஞ்சு நாள்தான். செவ்வாய்க்கிழமையோடை போட்டுது."

"நாள் எண்டு ஒண்டும் நீங்கள் சொல்லேல்லையே?"

"போறேல்லை எண்டு முடிவெடுத்த பிறகு நாள் என்னத்துக்கு எண்டு விட்டிட்டன்."

எங்களைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். யோகனுக்கு ஒரு காதுதான் கேட்கும். சரியாகக் கேட்டதா என்று சந்தேகப்படுபவன்போல அவன் முகம் இருந்தது. பிறகு என்னிடம் திரும்பினான்.

"உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?"

"நான் அந்தக் கடிதத்தை முழுக்க வாசிக்கேல்லை யோகன்" என்றேன்.

றெஃபரி அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். குவளையை எடுத்து மிச்சத் தேநீரைக் குடித்தார்.

மறுநாள் நான் யோகனை ஒரு லோயரிடம் அழைத்துப்போனேன். பஞ்சாங்கப் பக்கத்தையும் கொண்டுபோனேன். லோயர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் முன்னால் இது கையில் இருந்திருந்தால் நல்ல வழக்கு என்றார். யோகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்கள் எண்டபடியால் தேடிப் பிடிச்சியள் அண்ணை. வேறை ஆருக்கு உது தெரியும்?" எப்போது தேடிப் பிடித்தேன் என்று நான் சொல்லவில்லை. பிந்திய மனுவை ஏற்கவேண்டும் என்று லோயர் எழுதினார். ஏன் பிந்தியது என்பதற்குக் காரணம் காட்டவேண்டும். தெரிந்தவர் ஒருவர் வேண்டாம் என்றார் என்பது காரணமாகாது. மறுத்துவிட்டார்கள். கருணை விண்ணப்பத்தை றெஃபரி அண்ணை ஆறு பக்கத்துக்கு அழகாக எழுதிக் கொடுத்திருந்தார். அது பரிசீலனையில் இருக்கும்போதே ஆளை அனுப்பலாம் என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒக்ரோபர் முதலாம் திகதி வேல்ஸின் புதிய மைதானத்தில் றக்பி உலகக் கிண்ணம் தொடங்கியது. அதற்கு அடுத்த வியாழக்கிழமை யோகனை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கி, லொட்ஜ் ஒன்றில் இருந்து ஒரு தடவை ரெலிபோன் எடுத்தான். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. லொட்ஜில் விசாரித்தபோது, வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். யார் என்று சொல்லவில்லை.

அந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினோராம் மாடியில் யோகனுடைய அறையில் எல்லோரும் கூடினோம். அவனோடு இருந்த நான்கு பேர், கட்டடத்தில் வேறு சிலர், நான். அவனுடைய குளிர் அங்கியும் சப்பாத்தும் மூலையில் கிடந்தன. றெஃபரி அண்ணையும் அக்காவும் வந்தார்கள். அவர் கதவடியில் நின்றார். இருங்கோ என்று யாரும் சொல்லவில்லை.

நான் ஏன் எழும்பினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அந்த அறையில் எல்லோரும் யாராவது ஒன்று சொல்லவேண்டும் என்று காத்திருந்தார்கள். என்னை யாராவது கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிடவேண்டும் என்று இருந்திருக்கலாம்.

"நீங்கள்தான் அண்ணை அவனை அனுப்பினது" என்றேன். "வெள்ளைக்காரன் அனுப்பேல்லை. உங்கடை வாய்தான் அனுப்பினது. பதினைஞ்சு நாள் இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தா அவன் இஞ்சை இருந்திருப்பான்."

அவர் மறுக்கவேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், உமக்கும் தெரியுந்தானே என்று. அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட நான் யோசித்து வைத்திருந்தேன். சத்தம் போடுவார், வாக்குவாதம் வரும், இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வோம் என்று நினைத்தேன்.

"ஓம்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மார்ச்சில் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு நான் எடுத்த ரெலிபோன் வந்தபோது அவரும் அதே மேசையில்தான் இருந்திருப்பார்.

"என்ன ஓம்?" என்றார் அக்கா. "உந்தத் தம்பியும் அண்டைக்கு..."

றெஃபரி அண்ணை கையை உயர்த்தினார். "கதைக்காதையும்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அக்கா இன்னும் ஒரு நிமிடம் நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் பின்னால் போனார். தாழ்வாரத்தில் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தமும் கதவு மூடும் சத்தமும் கேட்டன. அடுத்த வசந்தத்தில் அவர்கள் அஜக்ஸுக்கு வீடு மாறிப் போனார்கள். நான் அவரை மறுபடி சந்திக்கவில்லை.

அவர்கள் போனபின் அந்த அறையில், யோகனோடு இருந்த பையன்களில் ஒருவன் குசினிக்குள் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தான். முதல் கோப்பையை எனக்கு நீட்டினான்.

"சரியாக் கேட்டியள் அண்ணை" என்றான். "ஆராவது கேக்கத்தான் வேணும்."

நான் அதை வாங்கிக் குடித்தேன்.